பரவையில் ஒரு இங்கிலீஷ் அடுப்படி

1

பரவையில் என் வீட்டு அடுப்படியைப் பார்த்துச் சிரிக்காத ஆள் இனிமேல் வெளியூரிலிருந்துதான் வர வேண்டும். சொந்தக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். தண்ணீர்க் கேன் போடுகிறவர் கேனை இறக்கி வைத்துவிட்டு, நின்று நிதானமாகச் சிரித்துவிட்டுப் போனார். சிரியுங்கள். இங்கிலாந்தில் முப்பது வருடம் வெள்ளைக்காரர்கள் வீட்டுக்கு அடுப்படி செய்து கொடுத்தவன் நான். அங்கே என் வேலையைப் பார்த்து எவனும் சிரித்ததில்லை. டீ போட்டுக் கொடுத்துக் கையைக் குலுக்கி அனுப்பினான்.

நான் அந்த நாட்டில் போய் இறங்கிய நாள் இந்த வாரம் வருகிறது. வருடா வருடம் அன்றைக்கு டெர்பி நகரத்தில் என் வீட்டில் கேசரி கிண்டுவது வழக்கம். இந்த வருடம் பரவையில் கிண்டுகிறோம். ரவை வறுபடும் நேரத்தில், அந்த அடுப்படியிலேயே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். 'வெளிநாட்டுக்காரனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது' என்று நீங்கள் பேசிக்கொள்வது என் காதுக்கு வராமல் இல்லை. பேசுவதை விவரம் தெரிந்து பேசுங்கள் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். சுவரோரமாக மர அலமாரிகள். சட்டமும் நடுப்பலகையுமாகச் செய்த கதவுகள், எல்லாவற்றுக்கும் பாலாடை நிறத்தில் பெயிண்ட். ஜன்னலுக்குக் கீழே ஆழமான வெள்ளைப் பீங்கான் தொட்டி, பித்தளைக் குழாய். பக்கத்துச் சுவரில் தட்டுகளைச் செங்குத்தாக நிறுத்தி வைக்க ஒரு மரச்சட்டம். ஆறு பர்னரும், கீழே ரொட்டி சுடும் பெட்டியும், அதற்கும் கீழே தட்டு வைக்கும் இழுப்பறையும் சேர்ந்த பெரிய அடுப்பு. கிரானைட் கிடையாது, மேடையும் மரம்தான். இங்கிலாந்தில் பழைய குடும்பங்களின் அடுப்படி இப்படித்தான் இருக்கும்.

என் தங்கை செல்லம் பரவை மார்க்கெட்டில் காய்கறிக் கடை வைத்திருப்பவள். அவள் வாய்க்கு மொத்த மார்க்கெட்டும் ஒதுங்கி வழிவிடும். வேலை முடிந்த அன்று வந்து பார்த்தாள்.

"ஏண்ணே, மாட்டையே வித்துப்புட்டோம். இப்பப் போயி தண்ணித்தொட்டி வச்சிருக்க?"

"அது பாத்திரம் கழுவ."

"எம்புட்டுப் பாத்திரம்? அன்னதானம் போடப் போறியா? சரி, சுவத்துல என்ன, கோழிக்கூடா?"

"தட்டு நிறுத்துறதுத்தா."

"தேக்குக்குப் போயி பெயிண்ட் அடிச்சிருக்கியே, தங்கத்துக்குச் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி! மதினி பாத்தா என்ன சொல்லும்?"

அவள் கேட்டதில் அந்தக் கடைசிக் கேள்வி ஒன்றுதான் கேள்வி. மதினி என்றால் என் மனைவி பஞ்சவர்ணம். அப்போது அவள் டெர்பியில் இருந்தாள். ஊருக்குத் திரும்பி வந்து இருக்க அவள் சம்மதிக்கவில்லை. அவளை வரவைப்பதற்குத்தான் இந்த அடுப்படியே. ஊர் சிரித்தால் எனக்கென்ன? அவள் வந்து பார்த்துவிட்டு 'இருக்கிறேன்' என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் என் கணக்கு.

2

என்னைப் பற்றி நாலு வார்த்தை. பீற்றுகிறான் என்பீர்கள். பீற்ற இருக்கிறது, பீற்றுகிறேன்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பில் பாதி. மீதிப் பாதி நடக்கும்போது அப்பா என்னை வயலில் இறக்கிவிட்டார். எங்களுடையது சம்சாரி வீடு. கலப்பை பிடிக்கிற வீட்டில் பிறந்துவிட்டு உளியைப் பிடித்தேன் என்று இரண்டு வருடம் அவர் என்னோடு பேசவில்லை. மதுரையில் மரக்கடையில் பலகை தூக்கினேன். ஜன்னல் செய்யப் பழகினேன். வளைகுடா போனேன். அங்கே என் வேலை பிடித்துப்போன ஒரு குடும்பம் இங்கிலாந்துக்கு வீடு மாறியபோது, வீட்டு வேலைக்கென்று என்னையும் கூட்டிப்போனது. ஒரு வருடத்தில் அவர்கள் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். நான் டெர்பியில் நின்றுவிட்டேன்.

எந்தக் காகிதத்துக்கு எந்த வரிசை என்று தெரியாமல் எல்லா வரிசையிலும் நின்றேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அம்மாள் எந்த நாடு என்று கேட்டதற்கு 'பரவை' என்று பதில் சொன்னவன் நான். அவளும் பொறுமையாக ஒரு புத்தகத்தை எடுத்துப் பரவையைத் தேடினாள். அன்று என்னிடம் இருந்த இங்கிலீஷ் மொத்தம் நாற்பது வார்த்தை. அதில் பத்து, மரங்களின் பெயர்.

ஓர் அடுப்படிப் பட்டறையில் மரத்தூள் கூட்டும் வேலை கிடைத்தது. அங்கே மேஸ்திரி எனக்குச் சொல்லித் தந்தது ஒரே ஒரு எண். தரையிலிருந்து மேடையின் மேல்மட்டம் தொள்ளாயிரத்துப் பத்து மில்லிமீட்டர். நம் கணக்கில் மூன்றடிக்கு ஒன்றரை நூல் குறைவு. அதை மட்டும் விட்டுவிடாதே, மற்றதெல்லாம் தானாக வரும் என்றார். வரைபடத்தில் இருக்கும் எழுத்துதான் எனக்குத் தகராறு. எண் என்னோடு தகராறு செய்ததில்லை. அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினேன். கூட்டினவன் செய்தான், செய்தவன் சொந்த வேன் வாங்கினான், வேனில் தன் பெயரைப் பெரிதாக எழுதினான். டாக்டர் வீடு, வக்கீல் வீடு, ஓய்வுபெற்ற நீதிபதி வீடு என்று எத்தனையோ அடுப்படி. எந்த வீட்டிலும் என் மேடை ஒரு மில்லிமீட்டர் ஏறினதும் இல்லை, இறங்கினதும் இல்லை.

3

பஞ்சவர்ணம் டெர்பியில் சும்மா இருந்தவள் இல்லை. வாரத்தில் மூன்று நாள் மார்கரெட் என்ற கிழவியின் வீட்டைச் சுத்தம் செய்யப் போவாள். புருசனை இழந்து தனியாக இருந்த அம்மாள். வேலை அரைமணி நேரத்தில் முடிந்துவிடும். மீதி நேரம் இரண்டு பேரும் அடுப்படியில் நின்று எதையாவது செய்துகொண்டிருப்பார்கள். இவளுக்கு அவள் பாஷை முழுதும் வராது, அவளுக்கு இவள் பாஷை துளியும் வராது. ஆனாலும் கிழவிக்கு ரசம் வைக்கத் தெரிந்திருந்தது.

ஒருநாள் வேனில் கூட்டி வரும்போது பஞ்சவர்ணம் சொன்னாள்:

"அடுப்படின்னா அதுதாங்க அடுப்படி. ஊருக்கெல்லாம் செய்றீகள்ல, எனக்கும் அப்படி ஒண்ணு செஞ்சு குடுங்க."

முப்பது வருடத்தில் அவள் என்னிடம் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான். செய்தேனா என்றால், இல்லை. ஊருக்கு ஓக் மரம், என் வீட்டுக்கு யாரோ வேண்டாம் என்று திருப்பிய வெள்ளை அலமாரிகள். அடுத்த வருடம், அடுத்த வருடம் என்று தள்ளினேன்.

மார்கரெட் இறந்ததும் அவள் மகன் வந்தான். வீட்டை விற்க வேண்டும், பழைய அடுப்படி இருந்தால் விலை போகாது என்று எல்லாவற்றையும் பெயர்த்து வாசலில் நிறுத்தியிருந்த பெரிய இரும்புக் குப்பைத் தொட்டியில் போட்டான். பஞ்சவர்ணம் போன் பண்ணி அழுதாள். வேனை எடுத்துக்கொண்டு போனேன். பீங்கான் தொட்டி, பித்தளைக் குழாய், தட்டு நிறுத்தும் சட்டம் மூன்றையும் முழுசாக மீட்டேன். அலமாரிகள் உடைந்து கிடந்தன. கதவுச் சட்டத்தின் அகலம், விளிம்பின் வளைவு, கைப்பிடியின் இடம் எல்லாவற்றையும் அளந்து எழுதிக்கொண்டேன். அலமாரிக் கால்கள் மட்டும் குட்டையாக இருந்தன. ஈரத்தில் அடிப்பக்கம் அழுகியிருக்கும், எவனோ வெட்டி எறிந்திருப்பான் என்று நினைத்தேன். அந்தக் குறையை நாம் செய்யும்போது சரி பண்ணிவிடலாம் என்று பக்கத்தில் குறிப்பும் எழுதி வைத்தேன்.

வேனை விற்று ஓய்வுக்கு வந்த பிறகு ஊர்ப் பேச்சை எடுத்தேன்.

"திலகா இங்க, பேரன் இங்க, எம் முட்டிக்கு ஆஸ்பத்திரி இங்க. அங்க என்ன இருக்கு?" என்றாள் பஞ்சவர்ணம். திலகா எங்கள் ஒரே மகள்.

"மார்கரெட் அடுப்படி இருக்கும். அச்சு அசலா. அதே தொட்டி."

அதற்குச் சொன்னாள்: "செய்யுங்க. வந்து நின்னு பாத்துட்டுச் சொல்றேன்."

4

திலகாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். டெர்பியில் பிறந்து வளர்ந்தவள். அவள் வீடு வாங்கியபோது, அடுப்படியை நான் செய்து தருகிறேன் என்று போய் நின்றேன்.

"அப்பா, ப்ளீஸ். ஓல்டா வேணாம். பிளெயினா இருக்கணும்" என்றாள். வேறு ஒரு கம்பெனியைக் கூப்பிட்டாள். கைப்பிடிகூட இல்லாத பளபளப்புப் பலகைகள். எது கதவு, எது சுவர் என்று தட்டிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். பேரன் என்னோடு இங்கிலீஷில் பேசுவான். நான் தமிழில் பதில் சொல்வேன். அவன் தலையாட்டிவிட்டு அம்மாவிடம் போய் அர்த்தம் கேட்பான். அவளுக்கும் பாதிக்கு மேல் தெரியாது.

ஒன்றைக் கவனித்தேன். திலகா வீட்டில் அடுப்புக்குப் பக்கத்தில் மடக்குப் படி ஒன்று சாத்தியிருக்கும். பேரனுக்கு என்று நினைத்தேன். அவன் வளர்ந்து அடுப்பை எட்டிய பிறகும் அந்தப் படி அங்கேயே இருந்தது. இங்கிலீஷ் வீட்டில் எல்லாம் அழகுக்குத்தான் என்று விட்டுவிட்டேன்.

என் வீட்டு அடுப்படியிலும் ஒன்று கிடந்தது. உட்கார்ந்து சாப்பிடும் மணைக்கட்டை. பஞ்சவர்ணம் முதன்முதலாக மதுரையிலிருந்து கிளம்பியபோது பெட்டியில் வைத்துக் கொண்டு வந்தது. புளியும் வற்றலும் வைக்க வேண்டிய இடத்தில் மரக்கட்டையா என்று அன்று சத்தம் போட்டேன். டெர்பியில் அதை அடுப்புக்கு முன்னால் போட்டு அதன்மேல் நின்று சமைப்பாள். முடிந்ததும் காலால் அலமாரிக்கு அடியில் தள்ளிவிடுவாள். தரை சில்லென்று இருக்கிறது, அதற்குத்தான் என்று முப்பது வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். என்னையும் யாரும் கேட்கவில்லை, நானும் யாரையும் கேட்கவில்லை.

5

தொட்டி கப்பலில் வந்தது. துறைமுகத்தில் ஓர் அதிகாரி அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"இது என்ன?"

"பாத்திரம் கழுவுற தொட்டி சார்."

"இந்தியாவுல தொட்டி இல்லையா?"

"இருக்கு சார். இது எங்க தொட்டி."

புதுப்பொருளா, பழைய பொருளா என்று படிவத்தில் ஒரு கட்டம். கழுவிக் கழுவிக் கீறல் விழுந்த தொட்டி, பழையது என்றேன். யார் உபயோகித்தது என்று அடுத்த கட்டம். என் மனைவி என்றேன். பொய் இல்லையே. கரண்ட் இணைப்புக்குப் போனால் அங்கே வேறு கதை. பிறந்த ஊர் பரவை, குடியுரிமை பிரிட்டன். எழுதுகிறவர் பேனாவை வைத்துவிட்டு, "அப்ப நீங்க எந்த ஊருண்ணே?" என்று கேட்டார். நான் பழக்கதோஷத்தில் 'சாரி' என்றேன். செல்லம் என் கூடவே வந்திருந்தாள். மாட்டுத்தாவணி பஸ்ஸில் கண்டக்டருக்கு நான் 'தேங்க்யூ' சொன்னதிலிருந்து அவளுக்கு என்னோடு வெளியே வரவே வெட்கம்.

மரவேலை முழுக்க நானே. இடிந்த வீட்டுத் தேக்கை வாங்கி, அறுத்து, இழைத்து, ஒரு கதவுகூட அடுத்தவன் கை படாமல் செய்தேன். இந்த வயதில் எவன் செய்வான், சொல்லுங்கள். தரையும், தொட்டிக்குக் கீழே வரும் இரண்டு செங்கல் கால்களும் மட்டும் கொத்தனார் வேலை. வந்தவர் வீரணன். பக்கத்துத் தெரு, எனக்குப் பத்து வயது இளையவர், நிதானமான ஆள்.

"மேடை உசரம் எம்புட்டுண்ணே?"

"மூணடி."

"யாரு உசரத்துக்கு?"

"யாரு உசரத்துக்கும் இல்ல. அளவே மூணடி."

"அப்படி ஒரு அளவு கெடையாதுண்ணே. சமைக்கிற ஆள வெறுங்காலோட நிக்கச் சொல்லி, முழங்கைய மடக்கச் சொல்லி, அதுக்குக் கீழ தோதா சுவத்துல கோடு போடுவோம். அப்புறந்தான் செங்கலத் தொடுவேன். மதினிய வரச் சொல்லுங்க."

"கோடு போட அவ டெர்பில இருந்து பிளைட் புடிச்சு வரணுமா?"

"சரி விடுங்க. மதினி உசரம் எம்புட்டு?"

"அஞ்சடி ரெண்டங்குலம்" என்றேன் பட்டென்று.

எப்படித் தெரியும் என்று கேளுங்கள். அவளை அங்கே அழைத்துக்கொள்வதற்காக மதுரையில் பாஸ்போர்ட் படிவம் நிரப்பினேனே, அதில் உயரம் என்று ஒரு கட்டம் இருந்தது. பஞ்சவர்ணம் வெளியே வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தவர் தன் மனைவிக்கு அஞ்சடி ரெண்டங்குலம் என்று எழுதினார். நல்ல கையெழுத்து. நானும் அதையே எழுதினேன். அதற்குப் பிறகு உயரம் கேட்ட காகிதத்திலெல்லாம் அதையே பார்த்துப் பார்த்து எழுதினேன். எழுதி எழுதி அது உண்மையாகிவிட்டது.

"அஞ்சடி ரெண்டுக்கே மூணடி சாஸ்திண்ணே" என்றார் வீரணன்.

"ஏப்பா, முப்பது வருசமா இதையே செஞ்சவன்கிட்ட வந்து அளவு சொல்றியா? இங்கிலீஷ் அடுப்படிக்கு இங்கிலீஷ் அளவு. கட்டு."

"கட்டுறேன். ஆனா கோடு போடாமக் கட்டுனதுக்கு எம் பேரச் சொல்லிராதீக."

6

பஞ்சவர்ணம் தனியாக வந்து மதுரையில் இறங்கினாள். நேராக அடுப்படிக்குத்தான் கூட்டிப்போனேன். வாசலில் நின்று பார்த்தாள். கதவு கதவாகத் தொட்டாள். தொட்டிக்குப் பக்கத்தில் போய் அதன் விளிம்பைக் கையால் தடவினாள். "மார்கரெட்டு..." என்றாள், கண் நிறைந்துவிட்டது. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அவள் கை தொட்டியின் அடியைத் தொட எட்டாமல் பாதியில் நின்றதை நான் பார்த்தேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் புரியவில்லை.

மறுநாள் காலையில் பால் காய்ச்சினோம். சொந்தக்காரர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். வேலை செய்தவருக்கு வேட்டி துண்டு கொடுக்க வேண்டும் என்பதால் வீரணனும் வந்திருந்தார். செல்லம் பெரிய பித்தளைப் பானை ஒன்றைச் சீராகக் கொண்டு வந்திருந்தாள். பாலை ஊற்றி அடுப்பில் ஏற்றினோம். எல்லாரும் சுற்றி நின்றார்கள். பஞ்சவர்ணம் முன்னால்.

பால் எழும்பியது. நுரை விளிம்புக்கு வந்தது.

"பொங்கிருச்சு! பொங்கிருச்சு!" என்று செல்லம் கூவினாள். "மதினி, என்ன பேசாம நிக்கிற? பாக்கலையா?"

"எங்கிட்டுப் பாக்குறது? எனக்குப் பானை வயிறுதான் தெரியுது."

கூட்டம் சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள். ஊர் சிரித்ததெல்லாம் என்னை ஒன்றும் செய்யவில்லை. அவள் சிரித்தது செய்தது. சொந்த வீட்டுப் பால் பொங்கியதை வீட்டுக்காரி பார்க்கவில்லை.

என் பக்கம் திரும்பினாள். "எங் கட்டைய எடுத்துட்டு வந்தீகளா?"

"எந்தக் கட்டை?"

"மணைக்கட்டை. அங்க அடுப்புக்கிட்ட கெடக்குமே."

"அது எதுக்கு இங்க? தரை சில்லுன்னா இருக்கு?"

"சில்லுன்னு இருந்தா செருப்புப் போட மாட்டேனா? எட்டலைன்னுதான் கட்டை."

வீரணன் இடுப்பிலிருந்து டேப்பை எடுத்தார். "மதினி, செத்த சுவத்தோட ஒட்டி நில்லுங்க" என்றார். அளந்தார். மறுபடியும் அளந்தார்.

"அண்ணே, நாலடி எட்டு. நீங்க சொன்னது அஞ்சடி ரெண்டு. ஆறு இன்ச்ச எங்கண்ணே தொலைச்சீக, பிளைட்லயா?"

இந்தத் தடவை சிரிப்பு தெருமுனை வரை போயிருக்கும்.

நான் விடுவேனா? "அளவுல தப்பில்ல! இது இங்கிலீஷ் அளவு! நீதான கேட்ட, மார்கரெட் அடுப்படி மாதிரி வேணும்னு?" என்று அவளிடம் பாய்ந்தேன்.

"மார்கரெட் அடுப்படி இப்படியா இருந்துச்சு?" என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. "அந்தம்மா என்னை விட ரெண்டு வெரல்தான் ஒசரம். கல்யாணமாகி வந்த புதுசுல அது புருசன் அதை நிக்க வச்சு அளந்து, தன் கையால செஞ்சு குடுத்தானாம். நூறு தடவ சொல்லிருக்கு. கதவும் தொட்டியும் நல்லாத்தான் இருந்துச்சு. அதுக்கா கேட்டேன்? அந்த ஊர்லயே அங்க மட்டுந்தாங்க எங் காலு தரையில நின்னுச்சு."

குப்பைத் தொட்டியில் கிடந்த அந்தக் குட்டைக் கால்கள் என் கண் முன்னால் வந்து நின்றன. அழுகியது என்று நான் முடிவு கட்டிய கால்கள். திலகா வீட்டு மடக்குப் படி யாருக்கு என்பதும் அப்போதுதான் புரிந்தது. எல்லாவற்றையும் அச்சு அசலாகச் செய்துவிட்டு, அது ஒன்றை மட்டும் சரி பண்ணியிருக்கிறேன்.

"ரெண்டு வாரம் இருந்துட்டுக் கெளம்புறேன்" என்றாள். "கட்டையில ஏறி எறங்கி ஏறி எறங்கி முட்டி போச்சு. இங்க வந்தும் ஏற என்னால முடியாது."

7

தப்பு என்று ஒத்துக்கொள்ள எனக்கு வராது. எங்கள் அப்பாவுக்கும் வராது. ஆனால் ரம்பம் பிடிக்க வரும்.

மறுநாள் விடிந்ததும் வீரணனை வரச் சொன்னேன். "மொதல்ல கோட்டப் போடு" என்றேன். பஞ்சவர்ணம் வெறுங்காலோடு நின்றாள். முழங்கையை மடக்கினாள். நான் பார்த்துப் பார்த்துப் பூசிய சுவரில் வீரணன் பென்சிலால் கோடு இழுத்தார். தரையிலிருந்து முப்பது அங்குலம். முப்பது வருடமாக என் உள்ளங்கையில் இருந்த எண் அழிந்தது. அழியட்டும்.

மேடைப் பலகையைக் கழற்றினேன். அலமாரிகளைச் சாய்த்தேன். என் கையால் செய்த கால்களில் ஆறு அங்குலத்தை என் கையாலேயே அறுத்தேன். தேக்கு. ஒவ்வொரு காலும் நெஞ்சில் அறுபடுவது போலத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. செல்லம் காபி கொண்டு வந்து வைத்துவிட்டு நின்றாள்.

"இதுக்குத்தான் இம்புட்டு வருசம் லண்டன்ல படிச்சியாண்ணே?"

"டெர்பித்தா, டெர்பி."

"என்ன டெர்பியோ. மதினிய ஒரு வாட்டி நிமிந்து பாத்திருந்தா போதும். அதுகூட வேணாம், குனிஞ்சு பாத்திருந்தா போதும்."

வீரணன் தொட்டிக்குக் கீழே இரண்டு வரிசைச் செங்கலை எடுத்தார். தண்ணீர் போகும் குழாயைச் சுவரை உடைத்து இறக்கினார். மிச்சம் இருந்தது அடுப்பு. இரும்பை அறுக்க முடியாது. "அடுப்ப வெட்ட முடியலைன்னா தரைய வெட்டுவோம்ணே" என்றார். போட்ட தரையைத் தோண்டி, ஆறு அங்குலப் பள்ளம் கட்டி, அடுப்பை அதற்குள் இறக்கினோம். அடியில் இருந்த இழுப்பறை பள்ளத்துக்குள் போய்விட்டது. போகட்டும், தட்டு வைக்கத்தான் கோழிக்கூடு இருக்கிறதே.

எல்லாம் முடிந்த அன்று பஞ்சவர்ணம் அதே பித்தளைப் பானையில் மறுபடி பால் ஊற்றி வைத்தாள். சொந்தக்காரர்களைக் கூப்பிடவில்லை. நான், செல்லம், வீரணன், அவ்வளவுதான். திலகாவும் பேரனும் போனில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பஞ்சவர்ணம் இரண்டு காலையும் தரையில் ஊன்றி நின்று பானைக்குள் எட்டிப் பார்த்தாள். பால் எழும்பும்போது அவள்தான் முதலில் சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள்: "பொங்கிருச்சுங்க."

"அப்பா," என்றாள் திலகா போனில், "அம்மா உயரமாத் தெரியுறாங்க."

அடுத்த வாரம் திலகா ஒரு பார்சல் அனுப்பினாள். மணைக்கட்டை. அதற்கு என்ன செலவாகியிருக்கும் என்று நான் சத்தம் போடவில்லை. இப்போது பஞ்சவர்ணம் அதைத் தரையில் போட்டு, அது எதற்குச் செய்யப்பட்டதோ அதற்கே, உட்கார்ந்து கீரை ஆய்கிறாள்.

இரண்டு வாரம் போய் இரண்டு மாதம் ஆகிவிட்டது. திரும்பிப் போகும் டிக்கெட்டை அவளே திலகாவிடம் சொல்லித் தள்ளி வைத்துவிட்டாள். எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். இப்போதெல்லாம் கேட்கிறேன்.

"நார்த்தங்கா இப்பத்தான் உப்புல கெடக்கு. நல்லா ஊறட்டும், சொல்றேன்" என்றாள்.

நார்த்தங்காய் ஊற எத்தனை மாதம் என்று உங்களுக்கே தெரியும். அது ஊறி முடிவதற்குள் எலுமிச்சங்காய் வாங்கிப் போட்டுவிடலாம் என்று இருக்கிறேன்.

இங்கிலீஷ் அடுப்படி முப்பது அங்குலத்தில் இருக்கிறதா, அது என்ன இங்கிலீஷ் என்று கேட்பவர்களுக்கு: மார்கரெட் புருசனைக் கேளுங்கள். அவனும் ஒரு தச்சன், நானும் ஒரு தச்சன். அவன் கல்யாணமான புதிதில் செய்ததை நான் பல் விழுகிற வயதில் செய்தேன். செய்தேனா இல்லையா? அது போதும். டெர்பி வீட்டு அடுப்படி இன்னும் மூன்றடியில்தான் நிற்கிறது. அதற்கும் ரம்பம் எடுத்து வைத்திருக்கிறேன்.

என் உயரம் ஐந்தடி ஒன்பது. இந்தத் தொட்டியில் ஒரு டம்ளர் கழுவ வேண்டும் என்றால் நான் வளைய வேண்டியிருக்கிறது. இடுப்பு வலிக்கிறது. வலிக்கட்டும்.

கேசரி இறக்கியாகிவிட்டது. சிரிக்க வருகிறவர்கள் தாராளமாக வரலாம். தட்டு நிறையக் கொடுப்போம். சாப்பிட்ட தட்டை மட்டும் அவரவரே கழுவ வேண்டும். எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், குனிந்து.